சின்னாற்று வழியில் ஒரு பழைய வேன்

பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்ல ஓர் அழகிய பாதை உண்டு. கோபாலபுரத்தில் எல்லை தாண்டித் தமிழகத்துள் புகுந்து, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை கடந்து, சின்னாற்றில் மீண்டும் கேரளத்தை அடையலாம்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளினூடே எங்கள் பழைய டீசல் வேன் குறையின்றி ஓடிற்று. உடுமலையில் தேநீர் அருந்தி வந்து பார்த்தால், செல்ப் முனகியதேயன்றி எஞ்சின் கிளம்பவில்லை. "பாட்டரி போயிற்று, புதிது வாங்குங்கள்" என்றார் அருகில் நின்ற ஒருவர். முதிய மெக்கானிக் ஒருவரோ, "முதலில் அளந்து பார்ப்போம்" என்று மீட்டரை எடுத்தார்.

நிறைவாக உள்ள 12 வோல்ட் பாட்டரி, எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எங்களுடையது 11.8 காட்டிற்று. வேறொரு பாட்டரியின் துணையால் எஞ்சினைக் கிளப்பியபின், அளவு 13.8 முதல் 14.4 வரை ஏறியிருக்க வேண்டும், 12-ஐயே தாண்டவில்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் வரவில்லை என்பது தெளிவாயிற்று. அயலூரில் உழைக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும்: பாட்டரி சேமிப்பு, ஆல்டர்னேட்டர் மாத வருவாய். வருவாய் நின்றுவிட்டால் புதிய பாட்டரியும் நாளடைவில் காலியாகும்.

பெல்ட் தேய்ந்து தளர்ந்திருந்தது. ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி முனையில் களிம்பு படிந்திருந்தது. அவர் எஞ்சினை நிறுத்தி, பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, முனையைச் சுரண்டித் துடைத்து, புதுப் பெல்ட்டை இறுக்கமாக மாட்டினார். மீட்டர் 14.1 காட்டிற்று. "எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிக்காதீர்கள், ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கெட்டுவிடும்" என எச்சரித்தார்.

பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால், பாட்டரி வற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே குறை வெளியே தெரிவதில்லை. அப்படியே யானைகள் உலவும் சின்னாறு சரணாலயத்தினுள் சென்று எஞ்சின் நின்றிருந்தால், குழந்தைகளுடன் என்ன செய்திருப்போம்!

மறையூரின் சந்தனக் காட்டையும், முனியறை எனப்படும் கல்திட்டைகளையும் கண்டு, தேயிலை மலைகளில் ஏறினோம். மூடுபனி சூழ்ந்தது, முன்விளக்கும் வைப்பரும் ஓயாது இயங்கின. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஆல்டர்னேட்டரின் வரவு குறையும், செலவோ குறையாது. எனினும் விளக்கு மங்காமலே மூணாற்றை அடைந்தோம்.

விடுமுறைக்கு ஊர் வரும் அன்பர்கள், மாதக்கணக்கில் நின்ற வண்டியை மலைக்கு எடுக்குமுன், எஞ்சின் நிற்கும்போது ஒருமுறையும் ஓடும்போது ஒருமுறையும் வோல்ட் அளந்து பார்ப்பார்களாக. அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.