கொல்லைக் குளத்துக்குக் காவல்

கேரளத்தில் ஆலப்புழைக்குப் பக்கத்துக் குட்டநாடு, கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த பூமி. எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான். அங்கே வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் கொல்லைக் குளத்தில் விரால் வளர்க்கிறார். மீன் இருந்தால் கொக்கும் மீன்கொத்தியும் வராமலா இருக்கும்? ராத்திரியில் நீர்நாய் வேறு!

"விஷம் வெச்சா என்னக்கா?" என்றேன்.

"நம்ம தண்ணிதானே கெடும்? நீர்நாயைக் கொல்றது சட்டப்படி குத்தம்" என்றார்.

அவர் செய்திருப்பது இதுதான்: குளத்துக்கு மேலே விறைப்பாகக் கட்டிய வலை. தொளதொளவென்றிருந்தால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். மீன் ஒளிந்துகொள்ளத் தண்ணீருக்குள் உடைந்த மண்பானைகள். சுற்றிலும் கம்பி வலை, அடிப்பாகம் மண்ணுக்குள். அந்த வேலி பேரக் குழந்தைக்கும் காவல். ஆனாலும் சகோதரிகளே, வேலியை நம்பிக் குழந்தையைத் தனியே விடாதீர்கள்!