கடலே இல்லாத ஓசூரிலிருந்து ஒரு படகுக்குத் துறைமுகம் தேடிய கதை!

ஓசூரிலிருந்து எந்தத் திசையில் காரை எடுத்தாலும் கடலைப் பார்க்க அரை நாளாவது ஆகும். ஊரே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிப்காட் ஆலைகள், ரோஜாத் தோட்டங்கள், அத்திப்பள்ளி எல்லையில் ஊர்ந்து போகும் லாரிகள்... இவைதான் இந்த ஊரின் அடையாளம். இங்கே ஒருவர், ‘சொந்தமா ஒரு மோட்டார் படகு வாங்கப்போறேன்’ என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள்? அவருடைய மனைவியும் முதலில் சிரித்தார். பிறகுதான் கணக்கு நோட்டைக் கையில் எடுத்தார்.

அவருக்கு வயது 56. சிப்காட்டுக்குப் பின்புறம் சின்னதாக ஒரு லேத் பட்டறை. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். 25 வருடங்களாக டூ வீலர் என்ஜின் பாகங்களைக் கடைந்து கொடுத்ததில்தான் வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே வந்தது. சில வருடங்களுக்கு முன்பு கொச்சியில் ஒரு படகுப் பட்டறையிலிருந்து, ப்ரொப்பல்லரைச் சுழற்றும் சாஃப்ட் செய்து தரச்சொல்லி ஆர்டர் வந்தது. சரக்கை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். ‘உங்க சாஃப்ட் எப்படி ஓடுதுன்னு பாருங்க’ என்று அவரைப் படகில் ஏற்றிக் காயலில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினார்கள். தான் கடைந்த இரும்பு தண்ணீருக்குள் சுற்ற, தான் அதன்மேல் மிதப்பது... அந்த அரை மணி நேரம் அவர் மனதைவிட்டுப் போகவே இல்லை.

அவர் மனதில் இருந்தது 32 அடி நீள உல்லாசப் படகு. இரண்டு படுக்கை அறை, குட்டியாக ஒரு சமையல் மேடை, 200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு டீசல் என்ஜின்கள். புதுசு வாங்க முடியாது. உல்லாசப் படகுகளுக்கான ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதற்கு முன்பே அது 28 சதவீதம்தான். ஆகவே பழைய படகுதான் என்று முடிவு செய்து ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். விலை 60 லட்சம்.

இருவரும் முதுமைக்கென்று சேர்த்து வைத்திருந்தது 1 கோடியே 10 லட்சம். அதில் பாதிக்கு மேல் படகுக்கே போய்விடும். மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் ஓசூருக்கும் போச்சம்பள்ளிக்கும் வந்துவிட்ட காலம் இது. பெட்ரோல் என்ஜின் இல்லாத வண்டிக்கு அதன் பாகம் எதற்கு? பட்டறைக்கு வரும் ஆர்டர் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டிருந்தது. இனி அந்தப் பணத்தை மறுபடி சம்பாதிக்க முடியும் என்ற நம்பிக்கை இருவருக்குமே இல்லை.

‘‘வாங்கறது இருக்கட்டுங்க... அதை எங்க நிறுத்துவீங்க?’’ என்று கேட்டார் மனைவி. அவரிடம் பதில் இல்லை.

நம்ம ஆறு போய்ச் சேரும் ஊர்

காரைத் தெருவில் நிறுத்திவிட்டு ஒரு மாதம் மறந்து போகலாம். படகை அப்படி விட முடியாது. மழைநீர் உள்ளே சேரும். அதை வெளியேற்றும் பம்ப் ஓட பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகங்கள் சேர்ந்திருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். அதற்காகவே ப்ரொப்பல்லர் அருகே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி, கரையக் கரைய மாற்றுவார்கள். அடிப்பாகத்தில் சிப்பி போன்ற உயிரிகள் ஒட்டிக்கொண்டால் வேகம் குறையும், டீசல் கூடும். ஆக, படகுக்கு வேண்டியது கயிறு கட்ட ஓர் இடம் மட்டுமல்ல. சொந்தக்காரர் இல்லாத நாள்களில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள், மேலே தூக்க கிரேன், புயலுக்கு மறைவு எல்லாமே வேண்டும்.

அவருடைய முதல் தேர்வு கடலூர், புதுச்சேரி பக்கம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரி சுமார் 260 கி.மீ. ஒரே பகலில் போய்விடலாம். இன்னொரு பாசமும் இருந்தது. ஓசூரின் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி வரும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் என்று ஓடிக் கடைசியில் கடலூர் அருகேதான் கடலில் கலக்கிறது. ‘‘நம்ம ஆறு போற ஊர்லயே நம்ம படகும் இருக்கட்டுமே’’ என்றார். செலவும் குறைவு. மீன்பிடி விசைப்படகுகளுக்கு நடுவே கட்டிவைக்கலாம், பார்த்துக்கொள்ள ஆளும் கிடைப்பார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் அதற்குப் பதில் சொன்னது. புதுச்சேரி அருகே கரை கடந்த புயல், கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழையைக் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் அடித்துக்கொண்டு போன காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூர் கிராமங்களைச் சூழ்ந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும் இதே கரையைத்தான் அடித்தது. மேலே ஆற்று வெள்ளம், கீழே கடல் அலை... இரண்டும் சந்திக்கும் முகத்துவாரத்தில் ஆளில்லாமல் நிற்கும் படகின் கதி என்ன? கடலூர் நோட்டில் அடிக்கப்பட்டது.

மெரினா வேறு, மரினா வேறு

மெரினா என்றதும் நமக்குச் சுண்டலும் மணலும்தான் நினைவுக்கு வரும். படகு உலகில் மரினா என்றால் மின்சாரம், தண்ணீர், காவல் வசதியோடு தனியார் படகுகளை வரிசையாகக் கட்டி வைக்கும் இடம்.

சென்னையில் பாய்மரப் படகுகளுக்குப் பழைய பெருமை உண்டு. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கப்பட்டது. ஆனால், அது கிளப். அதுவும் துறைமுக வளாகத்துக்குள். நினைத்த நேரத்தில் போய் வரும் இடமல்ல. சென்னைக்கும் புயல் புதிதல்ல. 2016 டிசம்பர் 12-ல் வர்தா நகரத்தையே புரட்டிப்போட்டதை யாரும் மறக்கவில்லை.

தூத்துக்குடிக்கு இலங்கை ஓரளவு மறைவு தருகிறது. ஆனால், ஓசூரிலிருந்து 500 கி.மீ.க்கு மேல். அங்கிருந்து பாம்பன் வரை நீளும் 21 தீவுகளும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே நினைத்தபடி படகை ஒதுக்க முடியாது. மங்களூரு 400 கி.மீ.க்குள் வந்துவிடும். ஆனால், தென்மேற்குப் பருவமழையில் சிராடி மலைப்பாதையில் மண் சரிந்தால் வழியே அடைபடும்.

வெளிநாட்டில் இதை எப்படித் தீர்க்கிறார்கள் என்றும் தேடிப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற ஐரோப்பியர்களும் ஆஸ்திரேலியர்களும் குளிர் இல்லாத, செலவு குறைந்த ஊர் என்று மலேசியாவின் லங்காவித் தீவில் படகை வைத்துக்கொள்கிறார்கள். 1987 முதல் அது வரியில்லாத் தீவு. அதைவிட முக்கியம், அது பூமத்திய ரேகைக்கு வடக்கே 6 டிகிரியில் இருப்பது. புயல் சுழல பூமியின் சுழற்சி துணை செய்ய வேண்டும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அந்த விசை குறைகிறது. அதனால் அங்கே புயல் அரிது. ‘வாடகையைப் பார்ப்பதற்கு முன்பு வரைபடத்தைப் பார்’ என்பதுதான் அதில் அவர்கள் கற்ற பாடம்.

அந்த வரைபடம் கொச்சியைக் காட்டியது. கிட்டத்தட்ட 10 டிகிரி. அரபிக்கடலில் உருவாகும் புயல்கள் பெரும்பாலும் வடக்கு, வடமேற்காக விலகிப் போகின்றன. போல்காட்டித் தீவில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மரினா 2010 முதல் இருக்கிறது; 30-க்கும் மேற்பட்ட படகுகளைக் கட்டலாம். காயலோரமாகத் தனியார் படகுப் பட்டறைகளும் உண்டு.

நோட்டில் விழுந்த கணக்கு

இடம் கிடைத்துவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டபோது, மனைவி எழுத ஆரம்பித்தார்.

படகு வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: விலையில் 10 சதவீதம் வருடா வருடம் பராமரிப்புக்குப் போகும். 60 லட்சம் படகுக்கு 6 லட்சம்.

அடுத்தது டீசல். முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர். இரண்டு என்ஜினுக்கும் சேர்த்து 80 லிட்டர். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 7,600 ரூபாய்!

கடைசியாக அவர் எழுதியதைத்தான் கணவர் யோசித்திருக்கவே இல்லை. ‘‘படகு நிக்கற வாடகையைத்தான் கேக்கறீங்க. நாம போய்ட்டு வர்றதை யார் எழுதறது?’’

கொச்சி சுமார் 510 கி.மீ. பெங்களூரு - எர்ணாகுளம் இன்டர்சிட்டி ரயில் ஓசூர் வழியாகவே போகிறது. ஆனால், அது பகல் ரயில். போக ஒரு பகல், வர ஒரு பகல். இரண்டு நாள் படகில் இருக்க நான்கு நாள் பட்டறையை விட்டுப் போக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிப்பு. மிச்சம் எட்டு மாதம், மாதம் ஒருமுறை என்றால் வருடத்துக்கு 16 நாள். 6 லட்சத்தை 16-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 37,500 ரூபாய். டீசலும் ரயில் டிக்கெட்டும் தனி.

இரவு வெகு நேரம் அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்கள் சொல்லிவிட்டன.

ஜூலையில் ஒரு பயணம்

அடுத்த யோசனையும் மனைவியுடையதுதான். பெண் பார்க்கப் போகிறவர்கள் பண்டிகை நாளில் போகக் கூடாது, சாதாரண நாளில் போக வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். ஊருக்கும் அதே விதி. ‘‘நல்லா இருக்கற மாசத்துல எல்லா ஊரும் நல்லாத்தான் இருக்கும். மழை கொட்டறப்போ போய்ப் பார்ப்போம்’’ என்றார். 2025 ஜூலையில் இருவரும் கொச்சிக்குப் போனார்கள்.

கேரளத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் காலம் அது. முகத்துவாரத்துக்கு வெளியே கடல் சேறு நிறத்தில் எழுந்து விழுந்தது. ஆனால், உள்ளே காயலில், மழை ஓய்ந்த நேரமெல்லாம் படகுகள் வழக்கம்போல ஓடின. 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் ஆபீஸ் போகிறவர்கள் போய் வந்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைப் பார்த்த ஊர்தான். ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், கயிறுகளைத் தளர்த்தி இறுக்க, படகை மேலே தூக்கி வைக்க, பழகிய கைகள் அங்கே இருந்தன.

அங்கேதான் அவருக்கு ஒன்று புரிந்தது. அவர் 32 அடி படகை மனதில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற துறைமுகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தேடலே தலைகீழ். துறைமுகம் காயலுக்குள் என்றால், அவர்கள் ஓட்டப்போவதும் பெரும்பாலும் காயலில்தான். அங்கே பாலங்களின் உயரம் குறைவு. வேகமாகப் போனால் கிளம்பும் அலை, கரையோர வீடுகளையும் சிறு வள்ளங்களையும் அடிக்கும். 400 குதிரைத்திறனுக்கு அங்கே வேலையே இல்லை.

மெதுவாகப் போவதற்கும் ஒரு கணக்கு உண்டு. தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், படகு சிரமமின்றி ஓடும் வேகம் நாட் கணக்கில் வரும். 20 அடிக்கு 6 நாட், அதாவது மணிக்கு 11 கி.மீ. அதற்கு மேல் முடுக்கினால் டீசல்தான் எரியும். லேத் ஓட்டியவருக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது.

நோட்டில் இரண்டு கையெழுத்து

2025 நவம்பரில் படகு வாங்கினார்கள். 24 அடி, 90 குதிரைத்திறனில் ஒரே ஒரு டீசல் என்ஜின், இருவர் படுக்க ஓர் அறை. பழசுதான், 16 லட்சம். முதுமைக்கான பணத்தில் 94 லட்சம் அப்படியே இருக்கிறது. வருடப் பராமரிப்பு 1 லட்சத்து 60 ஆயிரத்துக்குள் அடங்கும் என்பது கணக்கு. சாஃப்ட் தேய்ந்தால் அவர் பட்டறையிலேயே கடைந்துகொள்ளலாம். மரினாவைவிடச் செலவு குறைவு என்பதால் காயலோரத் தனியார் பட்டறை ஒன்றின் படித்துறையில் கட்டியிருக்கிறார்கள். அங்கிருக்கும் ஒருவர் வாரம் ஒருமுறை பேட்டரியையும் பம்பையும் பார்த்து, ‘சேட்டா, எல்லாம் ஓகே’ என்று போனில் படம் அனுப்புகிறார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மனைவி மூன்று நிபந்தனைகள் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மிச்சப் பணத்தைப் படகுக்காகத் தொடக் கூடாது. பருவமழையில் முகத்துவாரத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, வருடத்தில் 20 நாளாவது படகில் இருக்க வேண்டும். குறைந்தால் விற்றுவிட வேண்டும். 20 நாள் என்றால் ஒரு நாளின் பராமரிப்புச் செலவு 8,000 ரூபாய். அதற்கு மேல் ஆனால் அது வெறும் ஆசையை இரும்பில் கட்டி வைப்பது என்பது அவர் கருத்து.

முதல் மூன்று மாதத்தில் ஏழு நாள் ஆகியிருக்கிறது. அதில் மூன்று நாள், ‘பட்டறையில வேலை இருக்கு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று அவர் சோம்பியபோது, ‘‘கையெழுத்துப் போட்டிருக்கீங்க, எந்திரிங்க’’ என்று மனைவி கிளப்பிக்கொண்டு போனது.