நலமாக இருக்கும்போதே...



கலைப் பட்டதாரியான எனக்குக் கணினி என்பது மத்ரஸா மாணவர்களின் கேள்வித்தாள்களைத் தயாரிக்கும் கருவி மட்டுமே. சென்ற ஆண்டு ஒருநாள் காலை, எங்கள் வீட்டுப் பழைய கணினி இயங்க மறுத்தது. கறுத்த திரையில் ஆங்கிலத்தில் ஒரேயொரு வரி!

காலஞ்சென்ற என் வாப்பாவின் குரல் அதில்தான் இருந்தது. பூஞ்சை படர்ந்த கேஸட்டுகளிலிருந்து அரும்பாடுபட்டு எடுத்துச் சேமித்த பேச்சு. வேறு பிரதி கிடையாது. பழுது பார்ப்பவரோ, அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார். உம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே சென்றுவிட்டார்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் வழி கூறினார்: "ஹஜ்ரத், ஹார்ட் டிஸ்க்கில் உள்ள விண்டோஸின் துணையின்றி, மீட்புத் தகட்டிலிருந்தே கணினியை இயக்கலாம். சிஸ்டம் ரெஸ்கியூ என்பதை இலவசமாக இறக்கி டி.வி.டி.யில் பதியுங்கள்."

அண்டை வீட்டுக் கணினியில் அந்த ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, மற்றக் கோப்புகளைப் போலவே தகட்டில் நகலெடுத்தேன். கணினி அசையவில்லை. இரண்டாவது தகடும் வீணாயிற்று. அப்போதுதான் என் பிழை விளங்கியது. விதைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே புதைத்தால் முளைக்குமா?

ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு முழுத் தகட்டின் அச்சுப்பிரதி. கணினியைத் துவக்கும் குறிப்பு, தகட்டின் 17 என எண்ணிடப்பட்ட பகுதியில் இருந்தாக வேண்டும் என்பது 1995இல் வகுக்கப்பட்ட முறை. கோப்பாக நகலெடுத்தால் அக்குறிப்பு உரிய இடத்தில் அமையாது. விண்டோஸ் 7 முதலான பதிப்புகளில் அக்கோப்பின்மீது வலப்புறப் பொத்தானை அழுத்தி, 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிந்தபின் தகட்டைத் திறந்து பாருங்கள். பல கோப்புகள் தெரிந்தால் சரி. அந்த ஒற்றை ஐ.எஸ்.ஓ. மட்டும் தெரிந்தால் தவறு.

மூன்றாவது தகட்டைச் செருகி, துவக்கப் பட்டியலில் டி.வி.டி.யைத் தேர்ந்தெடுத்தேன். கணினி விழித்தது! வாப்பாவின் குரலை முதலில் பென் டிரைவில் நகலெடுத்தேன். அன்று மாலை அக்குரல் கூடத்தில் ஒலித்தபோது, உம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஹார்ட் டிஸ்க்கே சிதைந்திருந்தால் எந்தத் தகடும் உதவியிருக்காது. ஆகவே, அரியவற்றுக்கு இன்றே இன்னொரு பிரதி எடுங்கள். கணினி நலமாக இருக்கும்போதே மீட்புத் தகட்டைத் தயாரித்து, ஒருமுறை இயக்கியும் பாருங்கள். தகடு செருகும் வசதியில்லாப் புதிய கணினிகளுக்குப் பென் டிரைவ் போதும். அதிலும் வெறுமனே நகலெடுக்காமல், அதற்கென உள்ள மென்பொருளைக் கொண்டே பதிய வேண்டும்.

வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டப் புகுந்தவன் நான். நீங்களாவது முன்கூட்டியே வெட்டி வையுங்கள்.