தோட்டாவும் கொஞ்சம் இறங்கி வரவேண்டும்

மலேசியாவில் வளர்ந்த நமக்குத் துப்பாக்கி என்பது போலீஸ்காரர் இடுப்பிலும் நகைக்கடைக் காவலாளி தோளிலும் தூரத்தில் பார்க்கும் பொருள். நான் தொட்டதில்லை. தொடும் ஆசையும் இல்லை. உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவை வீட்டில் வைத்திருந்தாலே என்ன ஆகும் என்று நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும், 150 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு ரிவால்வரைப் பற்றி இந்த ஓராண்டாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். காரணம் என் அண்ணன்.

அண்ணனுக்கு 51 வயது. ஷா ஆலம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் லேத் இயந்திரத்தில் கடைசல் வேலை பார்த்தவர். சென்ற ஆண்டு அந்தக் கையால் ஓட்டும் லேத்துகளை எல்லாம் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு, கணினியில் இயங்கும் சிஎன்சி இயந்திரங்களை இறக்கினார்கள். பழைய ஆட்களைக் கூப்பிட்டு, “மாறிக்கொள்ளுங்கள், முடியாதவர்கள் சொல்லிவிடுங்கள்” என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம். வீட்டுக் கடனும் கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவருக்கு அந்த மரியாதை என்னவாகக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த நாட்களில் அண்ணன் அதிகம் பேசவில்லை. இரவில் கைப்பேசியில் பழைய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், “தம்பி, இந்தக் கதையைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். இங்கிலீஷ்ல வேகமா பேசுறான்” என்று ஒன்றை அனுப்பினார். புதுத் தோட்டாவுக்காக மாற்றி அமைக்கப்பட்ட கோல்ட் ரிவால்வரின் கதை அது.

1860இல் கோல்ட் நிறுவனம் ஒரு ராணுவ ரிவால்வரை வெளியிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரிதும் பயன்பட்டது. மொத்தம் சுமார் 2 லட்சம் செய்தார்கள். அதில் உலோகத் தோட்டா கிடையாது. சுழல் உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் முன்பக்கமாக மருந்தை நிரப்பி, ஈயக் குண்டை வைத்து, நெம்புகோலால் அழுத்தி, பின்பக்கம் சிறு செப்பு மூடியை மாட்ட வேண்டும். போர்க்களத்தில், மழையில், குதிரை மேல் இருந்துகொண்டு இதைச் செய்வது எவ்வளவு பாடு!

மருந்து, குண்டு, தீப்பொறி மூன்றையும் ஒரே உலோக உறைக்குள் அடைத்த தோட்டா அப்போதே வந்துவிட்டது. 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அதற்கான சிறு ரிவால்வரை விற்கத் தொடங்கியது. ஆனால் மற்றவர்கள் கைவைக்க முடியவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை துளைத்த சுழல் உருளைக்கு ரோலின் வைட் என்பவர் 1855இல் காப்புரிமை வாங்கியிருந்தார். ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் என்று பேசி, அந்த உரிமையை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்குக் கொடுத்திருந்தார். வழக்கு வந்தால் செலவு அவருடையது! 1869இல் காப்புரிமை காலாவதியானது. அதை நீட்டிக்க வழிசெய்யும் மசோதாவை அதிபர் கிராண்ட் 1870 ஜனவரியில் திருப்பி அனுப்பினார்.

கதவு திறந்தது. ஆனால் கோல்ட் நிறுவனத்திடம் பழைய முறைத் துப்பாக்கிகளின் பாகங்கள் குவிந்து கிடந்தன. படைவீரர்களிடமும் நல்ல நிலையில் பழைய துப்பாக்கிகள் இருந்தன. எல்லாவற்றையும் உருக்கிவிடுவதா?

அங்கே பணியாற்றிய ரிச்சர்ட்ஸ் என்ற பொறியாளர் 1871இல் ஒரு வழிக்குக் காப்புரிமை பெற்றார். உருளையின் பின்பகுதியை நீக்கி, அந்த இடத்தில் ஒரு வளையத் தகட்டைப் பொருத்தினார்கள். பழைய நெம்புகோல் போய், காலி உறையைத் தள்ளும் கம்பி வந்தது. குழலும் சட்டமும் கைப்பிடியும் அப்படியே இருந்தன. அமெரிக்க ராணுவமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை இப்படி மாற்றிக்கொண்டது.

இதுவரை படித்துச் சொன்னபோது அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்ததைக் கேட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பழைய குழல் அகலமானது. குண்டு முழுவதும் உறைக்குள் அடங்கும்படி தோட்டா செய்தால், குண்டு குழலைவிட மெலிந்துபோகும். குழலின் உள்வரிகளைப் பிடிக்காது. அதனால் இந்தத் துப்பாக்கிக்கென்றே தோட்டாவை வடிவமைத்தார்கள். குண்டின் வால்பகுதியை மட்டும் ஒடுக்கி உறைக்குள் செருகினார்கள். தலைப்பகுதி ஏறக்குறைய உறையின் வெளி அளவுக்கே பருமனாக நின்று குழலுக்குச் சரியாக அமைந்தது. பழைய துப்பாக்கி புதுத் தோட்டாவுக்காக மாறியது. புதுத் தோட்டாவும் பழைய குழலுக்காக இறங்கி வந்தது.

“அப்படித்தாண்டா செய்யணும்” என்றார் அண்ணன்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், பிரிட்டனுக்கும் அதன் காமன்வெல்த் நாடுகளுக்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட .38 ரிவால்வர்களைச் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் பல துப்பாக்கிகள் மலிவு விலைக்கு வந்தன. அமெரிக்காவில் பரவலாக விற்ற தோட்டா ‘.38 ஸ்பெஷல்’. பெயரில் இரண்டும் .38தான். ஆனால் ஸ்பெஷல் நீளமானது, சற்று மெலிந்தது. வியாபாரிகள் உருளையின் அறைகளை நீளமாக்கி, ஸ்பெஷல் உள்ளே போகும்படி செய்து விற்றார்கள்.

உள்ளே போனது. வெடிக்கவும் செய்தது. ஆனால் அறையின் அகலம் பழைய தோட்டாவுக்கானது. வித்தியாசம் சுமார் 0.18 மில்லிமீட்டர். சுடும்போது பித்தளை உறை தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லாமல் புடைத்தது. சில உறைகள் பிளந்தன. குண்டும் குழலுக்கு மெலிந்ததாக இருந்ததால் குறி தப்பியது. இங்கே துப்பாக்கியை மட்டும்தான் வெட்டினார்கள். தோட்டா தன் அளவிலிருந்து இம்மியும் நகரவில்லை.

0.18 என்றதும் நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. “நாங்க 0.02க்கு வேலை பார்த்தவங்க. இது பெரிய ஓட்டைடா.”

அவருடைய தொழிற்சாலையில் இரண்டு கதையும் நடந்தது. அண்ணனோடு வேலை செய்த ஒருவருக்கு இரண்டு நாள் பயிற்சி, ஆங்கிலத்தில் ஒரு தடித்த கையேடு. ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் என்று படித்தவர் அவர். வெளியிலிருந்து பார்த்தால் இயந்திரத்தின் முன் சரியாகத்தான் நின்றார். மூன்றே மாதத்தில் வேலையை விட்டார். இப்போது பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை.

அண்ணனுக்கு வாய்த்தது வேறு. அவருடைய பிரிவுக்கு வந்த இளம் பெண் பொறியாளர், கையேட்டிலிருந்து அன்றாடத்துக்குத் தேவையான பக்கங்களை மட்டும் எடுத்து மலாயில் எழுதி, படம் வரைந்து, இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டினார். பதிலுக்கு அண்ணனிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். வெட்டும் உளி மழுங்குவதைத் திரை காட்டுவதற்கு முன்பே அண்ணன் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். 26 வருடத்துக் காது அது. “அங்கிள், அந்தச் சத்தம் எப்படி இருக்கும்?” என்று அந்தப் பெண் குறிப்பெடுத்தாராம். அண்ணன் இதை என்னிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பார்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். ஓவர்டைம் குறைந்ததால் கையில் வரும் சம்பளம் குறைந்திருக்கிறது. கண்ணாடி போட்டும் திரையைப் பார்த்தால் அண்ணனுக்குத் தலை வலிக்கிறது. ஆனால் வேலை இருக்கிறது. வேலையில் அவரும் இருக்கிறார்.

இதைப் படிக்கும் இளையவர்களில் பலர், நாளை அலுவலகத்துக்குப் புது மென்பொருளையோ புது முறையையோ கொண்டுவரும் இடத்தில் இருப்பீர்கள். உங்கள் எதிரே 50 வயதைக் கடந்த ஒருவர் கைகட்டி நின்றால், அவர் எவ்வளவு மாறவேண்டும் என்று கணக்குப் போடும்போதே, நாம் கொண்டுவந்தது எவ்வளவு மாறலாம் என்றும் ஒருமுறை அளந்து பாருங்கள். பெயரளவில் பொருந்துவது வேறு, அளவில் பொருந்துவது வேறு. சில சமயம் இரண்டுக்கும் இடையில் இருப்பது மலாயில் எழுதி ஒட்டிய ஒற்றைத் தாள்தான்.