வேலியில்லாப் புல்வெளி: மெடோறாவின் வரலாறு

வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில், இன்றைய வடக்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியிலே, லிட்டில் மிசூரி ஆற்றங்கரையில் மெடோறா என்னும் சிற்றூர் உளது. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 121 பேரே. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியடோர் றூஸ்வெல்ற் இளமையில் மாடு வளர்த்த இடம் என்பதாலேயே அதன் பெயர் பெரிதும் அறியப்படுகின்றது. ஆயின் அவ்வூரை ஆக்கியதும் குலைத்ததும் புல்லே. அப்புல் யாருக்குரியது என்ற வினா அதன் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்றது.

1851 ஆம் ஆண்டு லறமிக் கோட்டை உடன்படிக்கை அந்நிலத்தை மண்டான், ஹிடாற்சா, அரிக்காறா மக்களுக்குரியதென ஏற்றிருந்தது. 1870 இலும் 1880 இலும் பிறப்பிக்கப்பெற்ற ஜனாதிபதி ஆணைகள் அவ்வுரிமையைக் குறுக்கின. புகையிரதப் பாதை வந்தது. அதன் வழியே தோல் வேட்டைக்காரரும் வந்தனர். 1883 அளவில் பைசன் எனும் காட்டெருதுக் கூட்டங்கள் ஏறத்தாழ அற்றுப்போயின. மேய்வாரற்ற புல் எஞ்சியது. அது 'வெற்று நிலம்' என எழுதப்படுவதுண்டு. வெறுமையாக்கப்பட்ட நிலம் என்பதே பொருந்தும்.

அவ்வாண்டு வசந்தத்தில் மோறே பிரபு என்னும் பிரெஞ்சுக்காரர் அங்கு வந்து ஓர் ஊரை நிறுவி, தம் மனைவியின் பெயரையே அதற்கு இட்டார். அம்மையார் நியூயோர்க் வங்கியாளர் ஒருவரின் மகள். பிரபுவின் திட்டம் எளியது. உயிருடன் மாடுகளைச் சிக்காகோவுக்கு ஏற்றினால், உண்ணப்படாத தோலுக்கும் எலும்புக்கும் குடலுக்கும் கூடக் கூலி கொடுக்க வேண்டும். வழியில் மாடும் மெலியும். மேய்ந்த இடத்திலேயே அறுத்து, பனிக்கட்டியிட்ட பெட்டிகளில் இறைச்சியை அனுப்பின் இவ்விழப்பில்லை. இறைச்சித் தொழிற்சாலை எழுந்தது. 1884 இல் செய்திப் பத்திரிகையொன்று தோன்றியது. தங்கச் சுரங்க நகரான டெட்வூட்டுக்கு இருநூறு மைலுக்கு மேற்பட்ட குதிரை வண்டிப் பாதையும் திறக்கப்பட்டது.

கணக்கில் பிழையில்லை, ஆனால் அது கணக்கு மட்டுமே. புல் மேய்ந்த மாடு ஆண்டில் சில மாதங்களே அறுப்பதற்குக் கொழுத்திருக்கும். ஏனைய மாதங்களில் தொழிற்சாலைக்கு வேலை குறைவு. சோளமுண்டு கொழுத்த மாட்டிறைச்சியையே கிழக்கு நகரத்தார் விரும்பினர். சிக்காகோ இறைச்சி முதலாளிகளின் போட்டியும் கடுமையாயிருந்தது. 1886 இன் இறுதியில் தொழிற்சாலை மூடப்பட்டது.

இதற்கு முன்னரே வேலியால் இரத்தம் சிந்தியிருந்தது. பிரபு தாம் வாங்கிய நிலத்துக்கு வேலியிட்டதை, தடையின்றித் திரிந்து பழகிய வேட்டைக்காரர் வெறுத்தனர். 1883 யூனில் நடந்த மோதலில் அவர்களுள் ஓர் இளைஞன் சுட்டுக்கொல்லப்பட்டான். கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட பிரபு 1885 இல் விடுதலையானார். பின்னர் பாரிஸ் சென்று யூத எதிர்ப்பு அரசியலில் இறங்கிய அவர், 1896 இல் வட ஆபிரிக்காவிற் கொல்லப்பட்டார்.

றூஸ்வெல்ற் 1883 இல் வேட்டைக்கு வந்து மந்தையொன்றில் முதலிட்டவர். 1884 பெப்ரவரியில் தாயும் மனைவியும் ஒரே நாளில் இறந்த பின்னர் இங்கேயே ஆறுதல் தேடினார். அவர் தம் மாடுகள் மேய்ந்த நிலத்தை வாங்கவில்லை. அக்காலத்து மந்தைக்காரர் பெரும்பாலோரும் வாங்கவில்லை. பொதுப்புல் இலவசமாதலின், ஒருவர் விட்ட புல்லை மற்றவர் மாடு மேயும். எனவே மாட்டைக் கூட்டுவதே எவருக்கும் இலாபமாகத் தெரிந்தது. அவ்வாண்டு இறுதியில் மந்தைக்காரர் சங்கம் ஒன்று அவர் தலைமையில் அமைந்தது; மாடு சேர்ப்பதை ஒழுங்குசெய்தது, புல்லை அளந்ததில்லை.

1886 கோடை வறண்டது. கட்டையாக மேயப்பட்ட புல் மேல் நவம்பரிலேயே பனி விழுந்தது. உருகி மீண்டும் உறைந்த பனி ஓடுபோல் இறுகியது. காட்டெருது தலையாற் பனியை ஒதுக்கிப் புல்லைத் தேடும். மாடு அவ்வாறு செய்யாது. வசந்தத்தில் பனி உருகியபோது ஆற்றுப் பள்ளங்கள் பிணங்களால் நிறைந்திருந்தன. றூஸ்வெல்ற் தம் மந்தையிற் பாதிக்கு மேல் இழந்தார். ஊரும் ஆளொழிந்தது.

எஞ்சியோர் வேறு வழி கற்றனர்: மந்தையைச் சிறிதாக்கினர், குளிருக்கு வைக்கோல் அறுத்துச் சேர்த்தனர், வேலியிட்டனர். சூழவுள்ள புல்வெளியிற் பெரும்பகுதி இன்று அரசாங்கத்தினது. அங்கு மாடு மேய்ப்போர் அனுமதி பெற்றுத் தலைக்கு இவ்வளவென்று கட்டணம் செலுத்துகின்றனர். 1907 இல் எரிந்த தொழிற்சாலையின் புகைபோக்கி மட்டும் நிற்கின்றது. அதனருகே தொடங்கும் தேசியப் பூங்காவுக்கு 1956 இல் நெப்ராஸ்காவிலிருந்து 29 காட்டெருதுகள் கொண்டுவரப்பட்டன. அவை பெருகியுள்ளன. புல்லுக்கு மிஞ்சியவற்றைக் காலத்துக்குக் காலம் பிடித்துப் பழங்குடி மக்களின் மந்தைகளுக்கு வழங்குகின்றனர்.