கூந்தன்குளத்து விருந்தாளிகள்

தை பிறந்த கையோடு கூந்தன்குளம் போய்வந்தோம். நாங்குநேரிப் பக்கம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரை நம்பியிருக்கும் குளம். கரை ஏறியதுமே வரித்தலை வாத்துகள்! வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கிற பறவை, இமயமலையைத் தாண்டிப் பறந்து, நம்ம திருநெல்வேலிச் சீமையில் வந்து புல் மேய்கிறது. பைனாகுலரை இறக்க மனமே வரவில்லை.

ஊசிவால் வாத்து, பூநாரை எல்லாம் பார்த்தோம். ஆனாலும் மனசை அள்ளியது ஊர்தான். மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டோரத்து மரங்களிலேயே கூடு கட்டும். வாசலெல்லாம் எச்சம், மீன் கவிச்சி. யாரும் விரட்டுவதில்லை. தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்துப் பிழைக்க வைக்கிறார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம், உண்மைதான். அதற்காக இதை வெறும் லாபக் கணக்கு என்று என்னால் நினைக்க முடியவில்லை. 1994இல் சரணாலயமானது, பிறகு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்பிருந்தே காவல் இந்த மக்கள்தான்.

போகிறவர்கள் விடிகாலையிலேயே போய்விடுங்கள். ஊருக்குள் ஹாரன் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.