அண்ணாச்சி கொடுத்த வேலைகள்

என் பேத்தி கோயம்புத்தூரில் டிசைன் படிக்கிறாள். போன மாதம் லீவில் வந்தவள், "தாத்தா, இந்த செமஸ்டர் முழுக்க ஸ்டூடியோ ப்ராஜெக்ட்தான். பாடமே நடத்த மாட்டாங்க. ஒரு வேலையைக் கொடுப்பாங்க, செஞ்சு காட்டணும். செய்யும்போதே கத்துக்கணும்" என்றாள். ஏதோ புது ஏற்பாடு என்கிற பெருமை அவள் குரலில் இருந்தது. நான் சிரித்துக்கொண்டேன். மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் 1972-ல் எனக்கு நடந்ததும் அதுதான். அங்கே மார்க் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது எனக்கு 18 வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து சும்மா இருந்தேன். மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா இருமல் முற்றி வீட்டோடு இருந்துவிட்டார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அம்மா அப்பளம் இட்டு விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. பொங்கல் கழிந்த மறுவாரம் தெரிந்தவர் ஒருவர் என்னை அந்த அச்சகத்துக்குக் கூட்டிப்போனார். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு மாசம் சம்பளம் கிடையாது. மத்தியானச் சாப்பாடும் பஸ் காசும் தர்றேன். மூணாவது மாசம் ஒரு வேலையை நீயா முடிச்சுக் காட்டு. முடிச்சா இருக்கலாம்."

முடிக்காவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உள்ளே இரண்டு டிரெடில், ஒரு பழைய கட்டிங் மெஷின், சுவரோரம் எழுத்துக் கேஸ்கள், நடுவில் ஒரு இரும்பு மேஜை. இரும்பாக இருந்தாலும் அதற்குப் பெயர் கல்தான். ஒரு காலத்தில் உண்மையாகவே கல்லாக இருந்ததாம். அந்தக் கல்லின் தலைமாட்டில் நிற்பவர்தான் ஃபோர்மேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

முதல் மூன்று வாரம் எனக்கு எழுத்துக் கோக்கும் வேலையே தரவில்லை. அடித்து முடித்த பாரத்தைக் கழுவி, எழுத்துகளைப் பிரித்து, அந்தந்த அறையில் திரும்பப் போட வேண்டும். ஆங்கிலத்துக்குப் போல 26 எழுத்தோடு தமிழ் முடிந்துவிடாது. கொம்பு தனி, கால் தனி, கு தனி, கூ தனி, புள்ளி வைத்த எழுத்து தனி என்று நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். அது 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய காலம். ஆகவே துதிக்கை வைத்த லை, னை, ணை எல்லாம் தனித்தனி அச்சாகக் கிடக்கும். எழுத்தின் முகமோ இடவலம் மாறித் தெரியும். மூன்றாவது வாரம் முடிந்தபோது கண்ணை மூடிக்கொண்டே எந்த அறையிலும் கை போனது. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணாச்சி ஒரு கம்போசிங் ஸ்டிக்கை என் இடது கையில் வைத்தார். அதிலும் எழுத்து தலைகீழாகத்தான் நிற்கும். இடமிருந்து வலமாகத் தலைகீழாகவே படிக்கப் பழக வேண்டும். இன்றைக்கும் யாராவது எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் என்னால் இந்தப் பக்கத்திலிருந்தே படித்துவிட முடியும். வீட்டில் இதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

அண்ணாச்சி எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார். ஒரு வேலையைக் கொடுப்பார். நான் செய்வதைப் பார்த்துக்கொண்டே அவர் வேலையைச் செய்வார். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விதான் பாடம்.

முதல் வேலை, ஒரு ஜவுளிக்கடைக்கு ரசீதுப் புத்தகம். இரண்டாவது, ஒரு கருமாதிப் பத்திரிகை. காலை பத்து மணிக்கு வந்து, மத்தியானத் தபாலில் சேர்க்க வேண்டும் என்றார்கள். கறுப்பு பார்டர், 12 பாயின்ட் எழுத்து, அலங்காரம் எதுவும் இல்லை. நான் இறந்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட எடுத்தேன். "ஏல, இதை வாங்குறவன் மொதல்ல என்னத்தத் தேடுவான்?" என்று கேட்டார் அண்ணாச்சி. யோசித்தேன். யார் இறந்தார் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். எந்தத் தேதி, எந்த இடம் என்பதுதான் தெரியாது. அந்த மாதிரிப் பத்திரிகையைப் பல வீடுகளில் உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் நின்று ஒருமுறை படிப்பதோடு சரி. ஆக, அந்த ஒரு பார்வையில் கண்ணில் பட வேண்டியது தேதிதான். தேதிக்கு மேலும் கீழும் ஒரு வரி இடம் விட்டேன், எழுத்தைப் பெரிதாக்கவில்லை. அவர் தலையசைத்தார்.

மாசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை. அது விரோதகிருது வருடம். பெண்ணின் தகப்பனார் கையெழுத்துப் பிரதியை நீட்டிக்கொண்டே, "தம்பி, 'நிகழும் மங்களகரமான விரோதகிருது வருடம்'னு ஆரம்பிக்க மனசு ஒப்பலையே. கல்யாணப் பத்திரிகையிலே விரோதமா?" என்றார். பஞ்சாங்கத்தை நாங்கள் மாற்ற முடியுமா? ஆனால் அந்தச் சொல் வரியின் முதலில் நிற்கிறதா, நடுவில் நிற்கிறதா என்பது எங்கள் கையில் இருந்தது. 'நிகழும் மங்களகரமான' என்பதோடு வருடத்தையும் மாதத்தையும் தேதியையும் சேர்த்து 10 பாயின்ட்டில் ஒரே நீள வரியாக ஓட்டிவிட்டேன். அடுத்த வரியில் 'சுபயோக சுபதினத்தில்' என்பது மட்டும் 18 பாயின்ட்டில் தனியாக நின்றது. புரூப்பைப் பார்த்தவர் முகம் தெளிந்தது. விரோதம் எங்கே போயிற்று என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மருந்துக்கும் கறுப்பு மை கூடாது. குங்குமச் சிவப்பில் அடித்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தோம்.

தமிழில் பக்கம் கட்டுவதில் வேறொரு தொல்லையும் உண்டு. நம் சொற்கள் நீளம். ஒடுங்கிய பத்தியில் ஒரு நீளச் சொல் வந்தால் அடுத்த வரிக்கு ஓடிவிடும், விட்டுப்போன வரியில் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி தெரியும். சொல்லை உடைக்கலாம். ஆனால் புள்ளி எழுத்தை வரியின் முதலில் கொண்டுவந்து வைக்கக் கூடாது. இந்த விதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருநாள் 'ப்' வரி முதலில் வருகிற மாதிரி பக்கத்து ஆள் கோத்ததை அண்ணாச்சி எடுத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினார், ஏதோ விக்கல் வந்தவர் மாதிரி. அறையே சிரித்தது. அதோடு எல்லோருக்கும் பதிந்துவிட்டது.

பங்குனி பிறந்தது. மூன்றாவது மாதம். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து விழாக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். அம்மன் கோவில் திருவிழா, இரவு வள்ளி திருமணம் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அந்த நாடகம் இல்லாமல் எங்கள் பக்கம் திருவிழா நிறைவதில்லை. ஆயிரம் நோட்டீஸ் வேண்டும், மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு. முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "இதை நீ கட்டுல" என்றார்.

முதலில் தாள். டபுள் கிரவுன் என்பது 20 அங்குலத்துக்கு 30 அங்குலம். நாலாக வெட்டினால் 10-க்கு 15. ஆயிரம் நோட்டீஸுக்கு 250 தாள், அதாவது அரை ரீம். கமிட்டிக்காரரில் ஒருவர், "இன்னும் ஒரு அங்குலம் அகலமா இருந்தா எடுப்பா இருக்குமே" என்றார். 11 அங்குலம் ஆக்கினால் ஒரு தாளில் இரண்டுதான் தேறும். ஒரு அங்குலத்துக்காகத் தாள் செலவு இரட்டிப்பாகும் என்று ஒரு தாளை மடித்துக் காட்டினேன். பேசாமல் இருந்துவிட்டார். வடிவமைப்பு என்பது கத்தி வைக்கிற இடத்திலிருந்து தொடங்குகிறது என்பேன் நான். கம்ப்யூட்டர் திரையில் தொடங்குகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடுவதில்லை.

அடுத்தது நன்கொடை கொடுத்தவர்கள் பெயர். மொத்தம் 37. எல்லாம் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்க வேண்டும், ஆனால் வரிசை கோவில் மரியாதை வரிசைப்படி. மூன்று பத்தியாகப் பிரித்தால் பன்னிரண்டு பன்னிரண்டாக 36 போக ஒரு பெயர் மிஞ்சும். மிஞ்சும் பெயரைக் கடைசியில் தனியாக விட்டால் அது அவமானம். அதனால் முதல் மரியாதைக்காரரான அம்பலத்தின் பெயரை மேலே நடுவில் தனியாக ஏற்றிவிட்டேன். மீதி சரியாக உட்கார்ந்தது. அப்போதுதான் அண்ணாச்சியின் கேள்வி வந்தது: "ஊர்க்காரன் இதைக் கீழே எறங்கிப் படிப்பானா, குறுக்கே படிப்பானா?"

கீழே இறங்கிப் படிக்கிற மாதிரி கோத்தால், பதினான்காவது ஆள் இரண்டாம் பத்தியின் தலையில் நிற்பார். குறுக்கே படிக்கிறவன் கண்ணுக்கு அவர்தான் மூன்றாவது மரியாதைக்காரர். அந்த ஊரில் அதற்காக அரிவாள் எடுத்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த கமிட்டிப் பெரியவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "குறுக்கேதான்யா படிப்பாக, கோடு போட்டாப்ல" என்றார். குறுக்கே கோத்தேன்.

கடைசியில் படங்கள். மஞ்சள் பையிலிருந்து பிளாக்குகளை எடுத்துக் கல்லில் பரப்பினார்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம். நாடக நோட்டீஸில் யார் படம் எங்கே, எவ்வளவு பெரிது என்பது அவர்களுடைய கௌரவம், அடுத்த ஊர் சம்பளமும் அதைப் பார்த்துத்தான். வந்த சிக்கல் என்னவென்றால், ராஜபார்ட் பழம்பெரும் நடிகர், அவருடைய பிளாக்கும் பழசு, ஒன்றரை அங்குலம்தான். பபூன் புதிதாக மார்க்கெட் வந்தவர், மூன்று அங்குலத்தில் பளபளவென்று புது பிளாக் செய்து அனுப்பியிருந்தார். வேறு பிளாக் செய்ய நேரமில்லை. பெரிய பிளாக்கை அறுக்கவும் முடியாது.

ஒரு மணி நேரம் கல்லின் மேல் பிளாக்குகளை இங்கும் அங்கும் நகர்த்தினேன். வயிற்றைப் பிசைந்தது. அப்பாவின் இருமல் காதில் கேட்டது என்று எழுதினால் மிகையாக இருக்கும். ஆனால் வீட்டு ஞாபகம் இல்லாமல் இல்லை. அண்ணாச்சி பக்கத்தில் வந்து ஒரு பெரிய குவாடை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குவாட் என்பது வெற்றிடம் விடப் போடும் எழுத்தில்லாத ஈயக்கட்டி. "இதோட கனத்தப் பாரு. ஒண்ணுமில்லாத எடத்துக்கும் ஈயம் போட்டுத்தாம்ல அடைக்கணும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ராஜபார்ட்டின் சின்ன பிளாக்கைத் தாளின் மேல்பாதியில் நட்ட நடுவில் வைத்தேன். சுற்றிலும் பித்தளை ரூலால் இரட்டைக் கோடு. கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் முக்கால் அங்குலம் வெறும் குவாட். பக்கத்தில் யாரும் கிடையாது. கீழே 36 பாயின்ட்டில் அவர் பெயர். அதற்கடுத்து ஸ்திரீபார்ட். பபூனின் பெரிய பிளாக் அடிவரிசைக்குப் போனது, ஒரு பக்கம் டான்ஸ், மறுபக்கம் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒட்டி நிற்க. கூட்டத்தில் நிற்கிற உயரமான ஆள் மாதிரி அவர் ஆனார். சின்ன படமோ சாமி மாதிரி தனித்து நின்றது.

இரவு ஒன்பது மணிக்குப் புரூப் எடுத்தோம். கமிட்டிப் பெரியவருக்கு எழுத்து வாசிப்பு அதிகம் கிடையாது. தாளை நீட்டிப் பிடித்து, நடுப் படத்தில் விரல் வைத்து, "ராஜபார்ட்" என்றார். பிறகு இன்னொருவரைப் படிக்கச் சொல்லி, 37 பெயரையும் விரல் விட்டுக் குறுக்கே எண்ணினார். "அடிங்க" என்றார். விடிய விடிய டிரெடிலை மாற்றி மாற்றி மிதித்தோம். அடுத்த மாதம் முதல் எனக்கு 60 ரூபாய் சம்பளம்.

அங்கே ஏழு வருடம் இருந்தேன். பிறகு ஒரு பத்திரிகையில் பக்கம் கட்டும் பிரிவுக்குப் போனேன். ஈயம் போய் ப்ரோமைட் ஒட்டும் காலம் வந்தது, அதுவும் போய் பேஜ்மேக்கர் வந்தது. எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன், பெரிய கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. இப்போதைய பிள்ளைகள் பக்கத்தில் வெற்றிடம் கண்டால் பூவோ கொடியோ போட்டு நிரப்பிவிடுகிறார்கள். இடம் அவர்களுக்குச் சும்மா கிடைக்கிறது, அதனால் இருக்கலாம்.

1991-ல் அந்த அச்சகம் ஆஃப்செட்டுக்கு மாறியது. எழுத்துகளை எடைக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை போனேன். அண்ணாச்சிக்கு எழுபது இருக்கும், பார்வை மங்கியிருந்தது. கல்லின் மேல் கடைசியாக அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகை பாரம். அதைக் கழுவி, எழுத்துகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக அறையில் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் தராசோடு ஆள் காத்திருந்தான். "அண்ணாச்சி, எப்படியும் உருக்கத்தானே போறாங்க" என்றேன். "கலந்து கெடந்தா நல்லாருக்காதுல" என்றார். நானும் பக்கத்தில் நின்று பாதி பாரத்தைப் பிரித்துப் போட்டேன். கை இன்னும் அறைகளை மறக்கவில்லை. முடித்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு விலகினார். அந்த ஆள் கேஸ்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் கவிழ்த்தான்.